ஸ்வரம் கோப்பில் இருக்கிறது, ஒலி எங்கே?

நண்பர் ஒருவர் தொண்ணூறுகளில் செய்த பாடலொன்றை மேடை நிகழ்ச்சிக்காகத் தூசு தட்ட வேண்டியிருந்தது. ஃப்ளாப்பியிலிருந்து மிடி கோப்பை எப்படியோ மீட்டுவிட்டோம். அன்று வாசித்த அதே யமாஹா டிஎக்ஸ்7 கீபோர்டும் பரணிலிருந்து இறங்கியது. இரண்டு கட்டைகள் மக்கர் செய்தாலும் உயிரோடுதான் இருந்தது. கேபிளைச் செருகி ப்ளே கொடுத்தோம். தாளம் சரி, ஸ்வரம் சரி, ஓரிடத்திலும் பிசகில்லை. ஆனால் மூங்கில் குழல்போல மெல்ல ஊதிவர வேண்டிய மெட்டு பித்தளை வாத்தியமாக முழங்கியது. “என்னப்பா இது, ஜானவாச ஊர்வலமா?” என்றார் நண்பர். கோப்பின்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ‘பன்னிரண்டாவது பேட்சைப் போடு’ என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அதை ஒழுங்காகச் சொல்லியும்விட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் யாரோ அந்தக் கீபோர்டில் வேறு 32 ஒலிகளை ஏற்றியிருந்தார்கள். பழைய பன்னிரண்டாவது ஒலி உலகத்தில் எங்குமே இல்லை.

ஒரு பாடலின் ஒலியை நினைவில் வைத்திருக்க வேண்டியது யார்? வாத்தியமா, அந்த ஒலியைத் திருத்த உதவும் பேட்ச் எடிட்டர் மென்பொருளா, ஸ்வரங்களை வரிசையாக வைத்து வாசிக்கும் சீக்வென்ஸரா? மிடி பிறந்த நாள்முதல் இந்தக் கேள்வி தீராமல் இருக்கிறது. எடிட்டரையும் சீக்வென்ஸரையும் ஒரே கணினியில், ஒரே கேபிளில், ஒரே நேரத்தில் ஓட்ட முயன்ற ஒவ்வொரு தலைமுறையும் தனக்கென ஒரு விடை கண்டது. பெரும்பாலான விடைகள் பத்தாண்டு தாங்கவில்லை.

பேட்ச் என்ற பெயரே கேபிளிலிருந்து வந்ததுதான். அறுபதுகளின் மூக் மாடுலர் சிந்தசைசரில் ஒரு பகுதியின் வெளியீட்டை இன்னொன்றின் உள்ளீட்டில் ஒயர் போட்டு இணைத்தால்தான் ஒலி பிறக்கும். அந்த இணைப்புக்குப் பேட்ச் என்று பெயர். சேமிப்பது என்றால் எந்த ஒயர் எங்கே போகிறது, எந்தக் குமிழ் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று தாளில் படம் வரைந்து வைப்பது. 1978இல் வந்த ப்ராஃபெட்-5 சிந்தசைசர் நாற்பது ஒலிகளைத் தானே நினைவில் வைத்துக்கொண்டது. ஒயர் போய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. நம் ஸ்டூடியோக்களில் பலர் இதை டோன் என்றே சொல்வார்கள்.

குமிழ்கள் நிறைந்திருந்தவரை எடிட்டர் மென்பொருளுக்குத் தேவையே இல்லை. தேவையை உண்டாக்கியது 1983இன் டிஎக்ஸ்7. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜான் சௌனிங் கண்ட எஃப்எம் முறையை யமாஹா உரிமம் பெற்றுச் செய்த கருவி. ஆறு ஆபரேட்டர்கள் (ஒலியலையை உருவாக்கும் அலகுகள்), அவற்றை அடுக்க 32 வழிகள், ஒரே ஒலிக்கு 155 பாராமீட்டர்கள். இத்தனையையும் திருத்த முகப்பில் இருந்தது ஒரே ஒரு ஸ்லைடர், அழுத்தினோமா இல்லையா என்றே தெரியாத சவ்வுப் பொத்தான்கள், வரிக்கு 16 எழுத்தாக இரண்டு வரி காட்டும் திரை. தேர்வடத்தை ஊசிக்காதில் கோக்கிற வேலை. பெரும்பாலானோர் அந்த வேலைக்கே போகவில்லை. தொழிற்சாலையில் ஏற்றி அனுப்பிய ஒலிகளை அப்படியே வாசித்தார்கள். எண்பதுகளின் உலகப் பாடல்களில் அதே கண்ணாடி எலெக்ட்ரிக் பியானோ திரும்பத் திரும்பக் கேட்பதற்குக் காரணம், அந்தப் பெட்டியைத் திருத்துவதில் இருந்த சிரமம்.

அதே 1983 ஜனவரியில் அமெரிக்காவின் அனஹைம் நகரில் நடந்த ‘நாம்’ (NAMM) வணிகக் கண்காட்சியில் ப்ராஃபெட்-600ஐயும் ரோலண்ட் ஜூபிடர்-6ஐயும் ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். போட்டி நிறுவனங்களின் இரு வாத்தியங்கள் பேசிக்கொண்டன. சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் டேவ் ஸ்மித்தும் ரோலண்டின் இகுதாரோ காகேஹாஷியும் முன்நின்று செய்த ஏற்பாடு. அவ்வாண்டு ஆகஸ்டில் மிடி 1.0 எழுத்துவடிவம் பெற்றது. எந்தக் கட்டையை எவ்வளவு வேகத்தில் தட்டினார்கள், எப்போது விட்டார்கள் என்பதெல்லாம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுமொழி ஆகின. ஒலியின் உள்விவரத்தைப் பொதுமொழி ஆக்க முடியவில்லை. ஒருவர் வைத்திருப்பது ஆபரேட்டர், இன்னொருவர் வைத்திருப்பது ஃபில்டர். அதற்காகத் திறந்துவிட்ட பின்வாசல்தான் சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ், சுருக்கமாக சிஸ்எக்ஸ். 240 என்ற எண்ணில் தொடங்கி 247இல் முடியும். 240க்கு அடுத்து நிறுவனத்தின் அடையாள எண்: ரோலண்ட் 65, கோர்க் 66, யமாஹா 67. தன் எண் இல்லாத செய்தியை வாத்தியம் காதில் வாங்கக் கூடாது. உள்ளே என்ன எழுதுவது என்பது அந்தந்த நிறுவனத்தின் விருப்பம். பேட்ச் எடிட்டர் என்ற தொழில் முழுவதும் இந்தப் பின்வாசலில்தான் நடக்கிறது.

இரண்டு கூட்டம் தனித்தனியாக வளர்ந்தது. ஒரு பக்கம் சீக்வென்ஸர்கள்: ஸ்டெயின்பெர்க்கின் ப்ரோ-16, ப்ரோ-24, 1989இல் க்யூபேஸ், சி-லேப்பின் கிரியேட்டர், நோட்டேட்டர், மேக்கில் பெர்ஃபார்மர், விஷன். மறுபக்கம் எடிட்டர்கள். கலிஃபோர்னியாவின் ஓப்கோட் நிறுவனம் 1985இல் தொடங்கிய காலத்திலேயே டிஎக்ஸ்7 ஒலிகளைச் சேமித்து அடுக்கும் மென்பொருளை விற்றது. அங்கே டிஎக்ஸ் எடிட்டரை எழுதியவர்களில் ஒருவர் டேவிட் ஜிகரெல்லி. பின்னாளில் மேக்ஸ் என்ற மென்பொருளால் பெயர் பெற்றவர். ஒலியைத் திருத்துவது எடிட்டர், ஆயிரக்கணக்கில் சேர்த்துத் தேடி எடுப்பது லைப்ரேரியன். இரண்டும் பெரும்பாலும் ஒரே பெட்டியில் வரும்.

இரண்டு கூட்டத்தையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதில்தான் சிக்கல். யமாஹாவின் சிஎக்ஸ்5எம் கணினியையே பாருங்கள். இசை எழுத ஒரு கார்ட்ரிட்ஜ், டிஎக்ஸ்7 ஒலியைத் திருத்த வேறொரு கார்ட்ரிட்ஜ். ஒன்றில் இருக்கும்போது மற்றது இல்லை. (1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினி வழி சீக்வென்ஸரைக் கையாண்டது நமக்குப் பழங்கதை; அதோடு சேர்த்துச் சொல்லப்படுவதும் இந்தக் கணினிதான்.) மிடி துளைகளோடே 1985இல் வந்த அட்டாரி எஸ்டி இசைக்காரர்களின் செல்லப்பிள்ளை. ஆனால் அதில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் ஓடும். சீக்வென்ஸரை மூடி, எடிட்டரைத் திறந்து, ஒலியைத் திருத்தி, எடிட்டரை மூடி, மீண்டும் பாடலைத் திறந்து கேட்டால், நினைத்த ஒலி அதுவல்ல. ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறுக்குவழி போட்டது. சி-லேப் சாஃப்ட் லிங்க் என்றது, ஸ்டெயின்பெர்க் எம்.ராஸ் என்றது, டாக்டர் டீஸ் எம்பிஇ என்றது. அவரவர் வீட்டுப் பிள்ளைகள்தான் அவரவர் பந்தியில் உட்காரலாம்.

இவ்வளவு பாடு எதற்கு? திருத்தி முடித்துவிட்டு வந்து பாடலைத் தொடரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எடிட்டரைத் தனியாக ஓட்டிப் பழகியவர்களுக்கு விடை தெரியும். தனியே கேட்கும்போது கம்பீரமாக நிற்கும் ஒரு பேஸ் ஒலி, பாடலுக்குள் போனதும் காணாமல் போகும். தனியே கேட்டால் ஒல்லியாக, எரிச்சலூட்டுவதாக இருக்கும் ஒரு மணியோசை, வயலின் கூட்டத்தின் நடுவே மிகச் சரியாகப் பொருந்தும். நான்கு அக்ஷரத்தைச் சுழலவிட்டு, டிரம்ஸும் பேஸும் ஓடிக்கொண்டிருக்க, எடிட்டரில் ஒரு ஆபரேட்டரின் அளவை ஏற்றி இறக்குவது என்பது குழம்பு அடுப்பில் கொதிக்கும்போதே உப்புப் பார்ப்பது. இறக்கி ஆறவைத்து, மறுநாள் உப்புச் சேர்த்துப் பார்த்தவர்களின் வேதனை அட்டாரிக்காரர்களுக்குத் தெரியும்.

சீக்வென்ஸர் வாசிக்கும்போது திருத்துவதில் இன்னொரு லாபம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. பழைய டிஎக்ஸ்7இன் சொந்தக் கட்டைகளை எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் அது அனுப்பும் வேக எண் 127ஐ எட்டாது. அதன் ஒலிகள் அந்த வரம்புக்குள் வடிவமைக்கப்பட்டவை. வேறொரு கீபோர்டில் வாசித்துச் சீக்வென்ஸரில் பதிந்த ஸ்வரங்கள் 127 வரை தாராளமாகப் போகும். எஃப்எம் முறையில் தட்டும் வேகம் கூடினால் ஒலி உரக்க மட்டும் ஆவதில்லை, அதன் நிறமே மாறிக் கூர்மையாகிவிடும். கீபோர்டில் உட்கார்ந்து இனிமையாகச் செய்த ஒலி சீக்வென்ஸரில் கத்துவது ஏன் என்ற புதிருக்கு இதுவே விடை. எடிட்டர் திறந்திருக்க, பாடல் ஓட, வேகத்துக்கு ஒலி காட்டும் உணர்வை இரண்டு புள்ளி குறைத்தால் முடிந்தது.

கேபிளின் கணக்கு

மிடி கேபிளில் வினாடிக்கு 31,250 பிட்டுகள் போகும். ஒரு மெகாஹெர்ட்ஸை 32ஆல் வகுத்தால் வருகிற எண். அன்றைய மலிவான சில்லுகளுக்குத் தோதாக எடுத்தது. ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவு பிட்டுகளோடு பத்து பிட் என்பதால் வினாடிக்கு 3,125 பைட்டுகள். ஒரு ஸ்வரத்தைத் தட்டும் செய்தி மூன்று பைட், ஏறக்குறைய ஒரு மில்லிவினாடி. டிஎக்ஸ்7இன் ஒரு பாராமீட்டரை மாற்றும் சிஸ்எக்ஸ் செய்தி ஏழு பைட், இரண்டேகால் மில்லிவினாடி. எடிட்டரில் மவுஸால் ஒரு ஸ்லைடரை பூஜ்ஜியத்திலிருந்து 99 வரை இழுத்தால் நூறு செய்திகள், 700 பைட், கால் வினாடிக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கால் வினாடிக்குள் அதே கேபிளில் போக வேண்டிய டிரம்ஸ் அடி என்ன ஆகும்? தள்ளாடும்.

32 ஒலிகளை மொத்தமாக அனுப்பும் செய்தி 4,104 பைட். ஒன்றேகால் வினாடிக்கு மேல் கேபிள் அதற்கே சொந்தம். ஒரு சிஸ்எக்ஸ் செய்தி போய்க்கொண்டிருக்கையில் நடுவே புகுந்து பேச, தாளக்கணக்கைச் சொல்லும் கடிகாரச் செய்திபோன்ற சில ஒற்றை பைட்டுகளுக்கு மட்டுமே உரிமை உண்டு. ஸ்வரச் செய்தி புகுந்தால் சிஸ்எக்ஸ் அங்கேயே அறுந்துபோகும். பாதி ஒலியும் பாதி குப்பையுமாக வாத்தியம் விழிக்கும். ஒழுங்காக எழுதிய மென்பொருள் முழுச் செய்தி போகும்வரை ஸ்வரத்தை நிறுத்தி வைக்கும். அப்போது செய்தி பிழைக்கும், பாடல் தடுக்கி விழும். யூஎஸ்பி வந்து கேபிளின் வேகத்தைக் கூட்டியது உண்மை. ஆனால் பழைய வாத்தியத்தின் உள்ளே இருக்கும் செயலி அதே பழைய செயலிதான். வேகமாக அள்ளிக் கொட்டினால் திக்குமுக்காடும். எடிட்டர்களில் செய்திக்குச் செய்தி சில மில்லிவினாடி இடைவெளி விடும் அமைப்பு இதனால்தான் இருக்கிறது. வாத்தியம் மூச்சு விட வேண்டுமல்லவா.

இதோடு ஒரு பெருந்தொல்லை, எதிரொலிச் சுழல். வாத்தியத்தில் ஒரு குமிழைத் திருப்பினால் அது சிஸ்எக்ஸ் அனுப்பும். எடிட்டர் அதைப் படித்துத் திரையைப் புதுப்பிக்கும். அதுவரை சரி. பின்னணியில் ஓடும் சீக்வென்ஸர் தனக்கு வருவதை எல்லாம் வெளியே அனுப்பும் நிலையில் இருந்தால், அதே செய்தி மீண்டும் வாத்தியத்துக்குப் போகும். சில வாத்தியங்கள் அதற்கும் பதில் அனுப்பும். இரண்டு கிணற்றுக்கு நடுவே நின்று கத்தியதுபோல ஆகிவிடும். சீக்வென்ஸரின் உள்ளீட்டில் சிஸ்எக்ஸை வடிகட்டிவிடுவதே மருந்து. கட்டைகளுக்கும் இதே நோய் உண்டு. அதற்கு மருந்து லோக்கல் ஆஃப், வாத்தியத்தின் கட்டைகளை அதன் சொந்த ஒலியிலிருந்து துண்டிக்கும் அமைப்பு.

அழிந்த 32

வாத்தியத்தின் நினைவகத்தில் இரண்டு இடம் உண்டு என்பதை எடிட்டரோடு பழகும் எவரும் முதலில் கற்க வேண்டும். ஒன்று, இப்போது ஒலிக்கும் ஒலியின் தற்காலிக நகல் இருக்கும் எடிட் பஃபர். மற்றது நிலையான சேமிப்பு. எடிட்டரில் மணிக்கணக்காகச் செதுக்குவது எல்லாம் முதல் இடத்தில்தான். சீக்வென்ஸர் ட்ராக்கின் தொடக்கத்தில் ஒரு பேட்ச் மாற்றும் செய்தி இருந்தால், பாடலை முதலிலிருந்து ஓட்டும் ஒவ்வொரு முறையும் வாத்தியம் சேமிப்பிலிருந்து பழைய ஒலியை எடுத்துப் பஃபரில் போட்டு, செதுக்கியதைத் துடைத்துவிடும். எடிட்டர் திரையிலோ புதிய எண்களே நிற்கும். காது ஒன்று சொல்லும், கண் ஒன்று சொல்லும். செதுக்கும் வரைக்கும் அந்த ட்ராக்கில் பேட்ச் மாற்றும் செய்தியை வாயடைத்து வையுங்கள். இது ஒன்றைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது.

மறுதிசையிலும் ஆபத்து உண்டு. முழு 32 ஒலிகளின் செய்தியைப் பாடலின் முதல் அக்ஷரத்தில் பதிந்து வைத்தால், பாடலைத் தொடங்கும்போதெல்லாம் வாத்தியத்தின் மொத்தச் சேமிப்பும் மேலெழுதப்படும். ஒருமுறை நினைவகப் பூட்டைத் திறந்து வைத்த நிலையில் பழைய பாடல் ஒன்றைப் பேச்சுவாக்கில் ஓட்டினேன். அந்த வாரம் முழுக்கச் செய்த ஒலிகள் ஒன்றேகால் வினாடியில் போயின. மொத்தமாக அனுப்பத் தேவையே இல்லை. ஒரே ஒலியைப் பஃபருக்கு மட்டும் அனுப்பும் செய்தி 163 பைட், 52 மில்லிவினாடி. பாடல் தொடங்குவதற்கு முன் ஒரு வெற்று அக்ஷரம் விட்டு அதில் இதைப் பதிந்தால் சேமிப்புக்கும் சேதமில்லை, தாளத்துக்கும் சேதமில்லை. 1988இல் வகுத்த பொது மிடி கோப்பு வடிவம் சிஸ்எக்ஸையும் ஏற்றுக்கொள்ளும். நண்பரின் பாடலில் 163 பைட் கூடுதலாக இருந்திருந்தால் அந்தக் குழல் இன்றும் ஊதியிருக்கும்.

பல வாத்தியங்களைத் தன்னுள் அடக்கிய மல்டிடிம்பரல் கருவிகள் வந்தபின் கணக்கு இன்னும் சிக்கலானது. தனி ஒலியாகத் திருத்தும்போது கூடவே இருந்த ரிவெர்ப், பல ட்ராக் நிலைக்குப் போனதும் காணாமல் போகும். 1988இன் கோர்க் எம்1 போன்றவற்றில் அத்தனை ட்ராக்குக்கும் பொதுவாக ஒரே எஃபெக்ட் தொகுதிதான். எடிட்டரில் கேட்டு மயங்கியது பாதி ஒலியும் பாதி ரிவெர்புமாக இருந்தது அப்போதுதான் தெரியவரும்.

கமகம் எங்கே பதிவாகிறது?

இந்தக் கேள்வியை மேற்கத்திய கையேடுகள் விரிவாகப் பேசுவதில்லை. நமக்கோ இதுதான் முதல் கேள்வி. கீபோர்டில் ஜாருவும் அசைவும் வாசிக்கப் பிட்ச் பெண்ட் சக்கரத்தைத்தான் நம்புகிறோம். சீக்வென்ஸர் அதை 16,384 படிகள் கொண்ட அளவில், 8,192ஐ நடுவாக வைத்துப் பதிகிறது. துல்லியத்துக்குக் குறையில்லை. ஆனால் முழுச் சக்கரமும் திரும்பினால் எத்தனை அரைச்சுரம் ஏற வேண்டும் என்பது அந்தச் செய்தியில் இல்லவே இல்லை. அதை வாத்தியம்தான் தீர்மானிக்கிறது. பல கருவிகளில் அது பேட்சுக்குள்ளேயே ஒரு பாராமீட்டர். 12 அரைச்சுர அகலத்தில் வாசித்துப் பதிந்த ட்ராக்கின்மேல், லைப்ரேரியனில் தேடிப் பிடித்த நல்ல வயலின் பேட்ச் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதை உருவாக்கியவர் மேற்கத்திய வழக்கப்படி அகலத்தை 2 என்று வைத்திருப்பார். ஒரு ஸ்தாயி ஏறிய ஜாரு இரண்டு அரைச்சுரத்துக்குள் சுருங்கும். காந்தாரம் ரிஷபத்தோடு மோதும். சீக்வென்ஸரில் ஒரு எண்கூட மாறவில்லை, ராகம் மட்டும் கெட்டது.

டிஎக்ஸ்7இல் கதை வேறு. அங்கே பெண்ட் அகலம் ஒலியோடு சேமிக்கப்படுவதே இல்லை. கருவியின் பொது அமைப்பில் இருக்கிறது. 32 ஒலிகளையும் பத்திரமாக எடுத்து வைத்தாலும் அது அந்த 4,104 பைட்டுக்குள் வராது. ஏழு பைட் நீளமுள்ள ஒரு தனி சிஸ்எக்ஸ் செய்தியை எடிட்டரிலிருந்து எடுத்துப் பாடலின் தலையில் வைக்க வேண்டும். பிற்காலக் கருவிகளுக்கு 101, 100, 6 என்ற மூன்று கண்ட்ரோலர்களை வரிசையாக அனுப்பினால் போதும். கமகம் வாசிக்கும் எவருடைய மிடி கோப்பிலும் முதல் வரியாக இது இருந்தே தீர வேண்டும் என்பேன்.

எண்ணும் பெயரும்

சீக்வென்ஸர் ட்ராக்கில் ‘நிரல் 47’ என்று பார்த்து ஒலியை நினைவுகொள்ள யாராலும் முடியாது. அந்த எண்ணும் ஒரே மாதிரி இல்லை. கேபிளில் போவது 0 முதல் 127 வரை. சில கருவிகள் 1 முதல் 128 என்று காட்டும். ரோலண்டின் பல கருவிகளோ எட்டெட்டாக அடுக்கி 11, 12 என்று தொடங்கி 88இல் முடிக்கும். ஓப்கோட் நிறுவனம் இதற்கு ஓஎம்எஸ் என்ற அடித்தளத்தின் மேல் நல்ல தீர்வு கண்டது. கேலக்ஸி லைப்ரேரியனில் ஒலியின் பெயரை மாற்றினால், விஷன் சீக்வென்ஸரின் பட்டியலிலும் அது தானாக மாறும். எமேஜிக்கின் சவுண்ட்டைவர், லாஜிக்கோடு ஆட்டோலிங்க் என்ற பெயரில் இதையே செய்தது. எடிட்டரும் சீக்வென்ஸரும் உண்மையில் பேசிக்கொண்ட பொற்காலம் தொண்ணூறுகளின் நடுப்பகுதிதான். அதற்குப் பிறகு வசதிகள் ஏராளம் வந்தன, இந்த ஒத்திசைவு மட்டும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

பொற்காலம் முடிந்த விதம் சொல்லத்தக்கது. 1998இல் கிப்சன் நிறுவனம் ஓப்கோட்டை வாங்கியது. அடுத்த ஆண்டே மென்பொருள் வளர்ச்சி நின்றது. 2002இல் ஆப்பிள் எமேஜிக்கை வாங்கியது. லாஜிக் தழைத்தது, சவுண்ட்டைவர் கைவிடப்பட்டது. பவர்பிசி சில்லுக்கு எழுதிய அதன் கடைசிப் பதிப்பு 2011இல் வந்த மேக் லயனோடு ஓடாமல் போனது. 32 பிட் நிரல்களுக்கு 2019இல் மேக்கின் கேட்டலினா பதிப்பு கதவடைத்தது. டிஎக்ஸ்7 மட்டும் இன்னும் ஒலிக்கிறது. மென்பொருள் பழைய வாத்தியத்தைக் காப்பாற்றும் என்று நம்பித்தான் எல்லோரும் காசு கொடுத்தோம். நடந்தது தலைகீழ்.

விண்டோஸ்காரர்களின் துயரம் வேறு ரகம். ஒரு மிடி போர்ட்டை ஒரு நிரல் திறந்துவிட்டால் மற்ற நிரல் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. மிடி யோக், பின்னர் லூப்மிடி என்று கற்பனைக் கேபிள்கள் போட்டு, மிடி-ஆக்ஸ் வழியாகத் திருப்பிவிட்டுச் சமாளித்தார்கள். அதாவது எடிட்டரின் சொல் சீக்வென்ஸருக்குள் புகுந்து, சீக்வென்ஸர் வழியாக வாத்தியத்துக்குப் போகும். நல்ல ஏற்பாடுதான், நடுவில் இருக்கும் சீக்வென்ஸர் சிஸ்எக்ஸைத் தின்றுவிடாத வரைக்கும். சில பெயர்பெற்ற சீக்வென்ஸர்களே தின்றுவிடுகின்றன. வாங்குவதற்கு முன் கேட்டறிய வேண்டிய முதல் விஷயம் அது. மேக்கின் கோர்மிடியும் லினக்ஸின் அல்சாவும் தொடக்கத்திலிருந்தே பல நிரல்களை ஒரே போர்ட்டில் உட்கார விட்டன. விண்டோஸ் 11க்காக மைக்ரோசாஃப்ட் மிடி அமைப்பைப் புதிதாக எழுதி இந்தப் பகிர்வைச் சேர்த்திருக்கிறது. தாமதம் என்றாலும் வரவேற்கலாம்.

இன்றைய வழக்கம், எடிட்டரையே ஒரு ப்ளகினாக்கிச் சீக்வென்ஸருக்குள் வைப்பது. 2005இல் ஆக்சஸ் நிறுவனத்தின் வைரஸ் டிஐ வெளியில் இருக்கும் வாத்தியத்தை உள்ளே இருக்கும் ப்ளகின்போலக் காட்டியது. எலெக்ட்ரான் 2015இல் ஓவர்பிரிட்ஜ் என்று அதையே செய்தது. கனடாவின் மிடி குவெஸ்ட் எண்பதுகளிலிருந்து உயிர்பிழைத்து வந்து, இன்று ப்ளகினாகவும் ஓடுகிறது. பாடலைத் திறந்தால் ஒலி தானாக வாத்தியத்துக்குப் போய்ச் சேரும். முதல் பார்வையில் நம் கேள்விக்கு இறுதி விடை இதுதான் என்று தோன்றும். எனக்கு முழுச் சம்மதமில்லை. ஒலி பாடல் கோப்புக்குள் இருக்கிறது என்பது சரி. ஆனால் அந்த ப்ளகின் தவிர வேறு எவராலும் படிக்க முடியாத கட்டாக இருக்கிறது. ப்ளகின் செத்தால் ஒலியும் சாகும். சவுண்ட்டைவரிடம் படித்த பாடத்தை மறந்துவிட்டோம்.

திறந்த மூலத்தில் நடப்பது நம்பிக்கை தருகிறது. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் ஷான் லூக் எழுதிய எடிசின், ஒலிகளைக் கலந்தும் சிதறடித்தும் புதியவற்றைத் தேடித் தருகிறது. நமக்குப் பிடித்ததைச் சொல்லச் சொல்ல அந்தத் திசையில் நகர்கிறது. 155 பாராமீட்டரைக் கையால் மேய்ப்பதைவிட இது புத்திசாலித்தனம். டெக்ஸ்ட் (Dexed) என்ற மென்பொருள் டிஎக்ஸ்7இன் நகலாக ஒலிப்பதோடு, அசல் கருவிக்கு எடிட்டராகவும் உதவும். வாத்தியம் கையில் இல்லாதவரும் பழைய சிஸ்எக்ஸ் கோப்பைத் திறந்து கேட்கலாம். 1984இல் யாரோ எடுத்து வைத்த 4,104 பைட் இன்றைய மடிக்கணினியில் அப்படியே திறக்கிறது. இந்தத் துறையில் நாற்பது ஆண்டு தாண்டி நிற்கும் வடிவம் இது. 2020இல் ஏற்கப்பட்ட மிடி 2.0, வாத்தியமே தன் ஒலிப் பட்டியலையும் நிலையையும் பொதுவடிவில் சொல்ல வழி வைத்திருக்கிறது. பரவினால் எடிட்டர்களின் பாதி வேலை மிச்சம். வாத்தியம் செய்பவர்கள் அவசரப்படுவதாகத் தெரியவில்லை.

ஆகவே என் தீர்ப்பு பழமையானது. ஒலியைப் பாடல் ஓடும்போதே எடிட்டரில் செதுக்குங்கள். செதுக்கி முடித்ததும் எடிட்டரை மூடிவிடுங்கள்; கேபிளுக்கு ஒரு நேரத்தில் ஒரு எஜமான் போதும். மூடும் முன் அந்த ஒற்றை ஒலியின் சிஸ்எக்ஸைப் பாடலின் முன் அக்ஷரத்தில் பதியுங்கள். பெண்ட் அகலத்தையும் கூடவே. அதே ஒலியை வெறும் சிஸ்எக்ஸ் கோப்பாகப் பாடலின் பெயரிலேயே பக்கத்தில் வையுங்கள். ப்ளகினின் சேமிப்பு இருக்கட்டும், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

வீட்டிலோ தெரிந்த ஸ்டூடியோவிலோ பழைய டிஎக்ஸ்7 கிடந்தால், பாடல் செய்யும் எண்ணம் இல்லாவிட்டாலும் அதன் 32 ஒலிகளை இந்த வாரமே ஒரு கோப்பாக எடுத்துவிடுங்கள். அவற்றைத் தாங்கிப் பிடித்திருப்பது உள்ளே பலகையில் பற்றவைத்த ஒரு 3 வோல்ட் மின்கலம். ஃபங்ஷன் பொத்தானை அழுத்தி 14ஐத் தட்டினால் அதில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று திரையில் வரும்.